டுமீல் சொல்லாத துப்பாக்கி

ஹெட்டி ஆக்டனின் துப்பாக்கியில் ஒரே ஒரு குறைதான். அது சுடுவது யாருக்கும் கேட்காது.

அதைக் குறை என்று அவள் நினைத்ததே இல்லை. தேடிப் பிடித்து வாங்கிய குணம் அது. சாதாரணத் தோட்டா ஒலியை முந்திக்கொண்டு ஓடும். ஓடுகிற வழியெல்லாம் சாட்டையைச் சொடுக்குவதுபோல் காற்றைக் கிழிக்கும். ஹெட்டி வாங்குவது ஒலிக்குப் பின்னால் பதவிசாக வருகிற மெதுவான தோட்டா. துப்பாக்கி முனையில் சத்தத்தை விழுங்கும் குழாயையும் திருகிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் ப்ளம் கொட்டையைத் துப்பியதுபோல் 'ப்ஸ்க்' என்று ஒன்று கேட்கும், அவ்வளவுதான். ஒரு முயல் சாயும். அதன் பக்கத்தில் மேய்கிற முயல் நிமிர்ந்துகூடப் பார்க்காது.

ஆனால் மெதுவான தோட்டாவுக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் உண்டு. ஐம்பது கஜம் வரை சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு மேல் அனுப்பினால் களைத்துப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுவிடும். முதல் வருடம் ஹெட்டி எண்பது கஜத்தில் ஒரு முயலைக் குறிவைத்தாள். தோட்டா அதன் காலடிக்கு முன்னால் மண்ணில் இறங்கியது. முயல் அதை மோந்து பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் கிட்டப் போய்த்தான் சுடுவாள். புல்லில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, ஆமை மாதிரி நகர்ந்து போவாள். ஓகன்ஷா ஊர்க் கிரிக்கெட் மைதானத்தின் மேற்கு மூலையில் ரோலர் நிற்கும் தகரக் கொட்டகை அவளுடைய இடம். எதிரே முயல் வளைகள் நிறைந்த உயரமான மண்மேடு. குறி தப்பினாலும் தோட்டா மண்ணுக்குள்தான் போகும்.

அவள் சுடக் கற்றது மில்லில். ஓகன்ஷா தறிமில்லின் நிலவறையில் தொழிலாளர்களுக்கென்று ஒரு துப்பாக்கி மன்றம் இருந்தது. சாப்பாட்டு வேளையில் ஆண்கள் பத்துத் தோட்டா சுட்டு எட்டைத் தவறவிடுவார்கள். ஹெட்டி ஒரு கையில் சாண்ட்விச்சோடு போய் ஒன்றையும் தவறவிடாமல் திரும்பி வருவாள். மற்ற நேரமெல்லாம் தறிக்கூடம். நானூறு தறி ஒரே நேரத்தில் அடிக்கிற அந்தக் கூடத்தில் காது இருந்தும் பிரயோஜனமில்லை. பெண்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். யாருக்கு யாரோடு தொடர்பு, யார் வீட்டில் என்ன சமையல், எல்லாம் சத்தமில்லாமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும்.

அந்தக் கூடத்தின் வாசலில் நின்று ஒருநாள் ஒருவன் "யாராச்சும் ஹெட்டியக் கூப்பிடுங்க!" என்றான். நானூறு தறியையும் தாண்டி அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. ஆட்டுச் சந்தையில் ஏலம் போடுகிற க்ளாரன்ஸ் ஆக்டன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

பிறகு மில் மூடியது. தறிகள் நின்ற முதல் நாள் காலை, சமையலறையில் க்ளாரன்ஸ் "வெண்ணெய் எங்க?" என்று கேட்டான். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. தான் கட்டிக்கொண்டது எவ்வளவு சத்தமான மனிதனை என்பது அன்றுதான் ஹெட்டிக்குத் தெரிந்தது.

அப்போது சந்தை வேலையாவது இருந்தது. இப்போது அவனும் ஓய்வு. நாளெல்லாம் வீட்டில். ரொட்டி வாட்டினால் அதை ஏலம் விடுவான். "பாருங்கய்யா பாருங்க, ரெண்டு பக்கமும் பொன்னா செவந்த ரொட்டி, யாரு கேக்குறா?" கேட்க அவளைத் தவிர யாரும் இல்லை. நல்லவன்தான். கோபப்படத் தெரியாதவன். அதுதான் கஷ்டம், கோபக்காரனாக இருந்தால் சண்டை போட்டாவது பேச்சை நிறுத்தலாம்.

அதனால் சாயங்காலம் அந்த மைதானத்தில் கிடைக்கிற ஒரு மணி நேரம் ஹெட்டிக்கு உயிர். ஆட்டக்காரர்கள் போனபின், முயலை ஒழிக்கச் சொல்லி கிரிக்கெட் கிளப் கொடுத்த வாசல் சாவி அவளிடம். ரோலர் கொட்டகை ஓரத்தில் படுத்தால் புல் வாசனை, எங்கோ ஒரு காடை, அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததற்காகத்தான் அவள் போனாள். முயல் கிடைத்தால் மாவில் பொதிந்து சுட்டுச் சாப்பிடலாம், அது கொசுறு.

அந்தச் சாவிக்குத்தான் ஆபத்து வந்தது.

மே மாதம் முதல் ஆட்டத்திலேயே, உயரப் போன பந்தைப் பிடிக்க ஓடிய ஃபீல்டர் ஒருவன் முயல் வளையில் கால் விட்டு மறைந்தான். பந்து விழுந்தது, பின்னாலேயே அவன் தொப்பியும் விழுந்தது. கிளப் தலைவர் பெர்சி, ஊரின் கசாப்புக்கடைக்காரர், மைதானத்தை ஒட்டிய பப்பில் வைத்து ஹெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஹெட்டி கண்ணு, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"ஒரு வெடிச் சத்தம்கூடக் கேக்கலையே. வாரக்கணக்கா நானும் பீரக் கையில வச்சுக்கிட்டு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நேத்து நாலு முயல் சுட்டேன், பெர்சி."

"சத்தமில்லாமயா?"

"சத்தமில்லாமதான்."

பெர்சி பீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "போன வருஷம் பேசில் ஒருநாள் வந்து சுட்டான் பாரு. எங்க வீட்டு ஜன்னல் ஆடுச்சு. என் மாமியார் சோபாவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சா. வேலைன்னா அது வேலை."

"அன்னிக்கு அவனுக்கு எத்தன முயல் கிடைச்சுது?"

"அது ஞாபகமில்ல. ஆனா சத்தம் ஞாபகமிருக்கு."

பேசில் ரஷ்வொர்த் டிராக்டர் சாமான்கள் விற்கிறவன். தொப்பியில் இறகு, தோளில் ஒரே வெடியில் பொடிக்குண்டுகளைச் சிதறடிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. மைதானத்தை எனக்குக் கொடுங்கள் என்று கமிட்டியிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். சாவி ஒன்றுதான், ஒருவருக்குத்தான்.

அன்று வீட்டுக்குப் போய் ஹெட்டி நடந்ததைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"சத்தம்தான் வேணுமாமா அவனுங்களுக்கு?" க்ளாரன்ஸின் முகம் விடிந்தது. "அடி புள்ள, ஒலகத்துல எங்கிட்ட நெறைய இருக்கறது அது ஒண்ணுதானே!"

"வேணாம், க்ளாரன்ஸ்."

"நீ பாட்டுக்குச் சுடு. வெடி என் பொறுப்பு."

மறுநாள் சாயங்காலம் அவன் கொட்டகைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டான். ஹெட்டி முதல் முயலைச் சுட்டாள். ப்ஸ்க். உடனே பின்னாலிருந்து, "டுமீல்!"

மைதானத்தில் ஒரு முயல் இல்லை. காகங்கள் இல்லை. பக்கத்து வயலில் ஆடுகள்கூட இல்லை. சத்தம் மலைச்சரிவில் மோதித் திரும்பி வந்து இன்னொரு முறை டுமீல் என்றது.

"எப்டி?" என்றான் க்ளாரன்ஸ்.

"யோவ், மத்ததெல்லாம் ஓடிப்போச்சுய்யா!"

யோசித்து ஒரு முறை வகுத்தார்கள். அவள் தன் பாட்டுக்குச் சுட்டு முடிக்க வேண்டியது. கிளம்பும்போது எத்தனை முயலோ அத்தனை டுமீல் அவன் மொத்தமாகக் கொடுக்க வேண்டியது. பலித்துவிட்டது. பப்பில் பெர்சி எண்ண ஆரம்பித்தார். "நாலு! இன்னிக்கு நாலு!" என்று ஆளுக்கொரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஹெட்டி தெருவில் போனால் தொப்பியைத் தூக்கினார்கள்.

ஆனால் ஏலக்காரனை ஒரு எண்ணில் நிறுத்த யாரால் முடியும்? க்ளாரன்ஸுக்கு விலை ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு முயலுக்கு மூன்று டுமீல் கொடுத்தான். மூன்றுக்கு ஆறு. ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்டியிடம் ஒரே ஒரு முயல், அதுவும் குட்டி. க்ளாரன்ஸுக்கு வேறு ஜலதோஷம். இருந்தும் எழுந்து நின்று மார்பை விரித்தான். எட்டு வரை நன்றாகப் போனது. ஒன்பதாவதில், "டுமீ... லொக்! லொக் லொக்! ...ல்."

பப்பில் எண்ணுவது நின்றது. பிறகு வேலிக்கு மேல் பெர்சியின் தலை எழுந்தது.

"ஹெட்டி," என்றார் அவர் வருத்தத்தோடு, "துப்பாக்கிக்கு எப்போ கண்ணு இருமல் வந்துச்சு?"

அத்தோடு போயிற்று. ஆக்டன் தம்பதி வாயால் முயல் சுடுகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கிளப்பில் தேநீர் போடும் டோரீன் மட்டும் ஹெட்டிக்காகப் பேசினாள். "பாவம், கடைசியா ஒரு வாய்ப்பு குடுங்க. ரெண்டு பேரையும் கமிட்டி முன்னாடி சுட வைங்க. யாரு ஒழுங்கா சுடுறாங்களோ அவங்களுக்குச் சாவி." அவள் பேச்சை மறுத்தால் மறுநாள் தேநீரோடு வருகிற ஸ்கோன் ரொட்டி கருகிப்போகும் என்பதால் கமிட்டி ஒத்துக்கொண்டது.

புதன்கிழமை சாயங்காலம் பந்தயம். முதல் அரை மணி ஹெட்டிக்கு. அடுத்த அரை மணி பேசிலுக்கு. கமிட்டி பெவிலியன் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தது. மடியில் தட்டு, தட்டில் ஸ்கோன், ஸ்கோன் மேல் ஜாம். க்ளாரன்ஸைப் பெர்சிக்கும் டோரீனுக்கும் நடுவில் உட்காரவைத்து வாய்க்குள் ஒரு முழு ஸ்கோனைத் திணித்துவிட்டார்கள். அது தீரும்போதெல்லாம் டோரீன் இன்னொன்று வைத்தாள்.

ஹெட்டி வராந்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீள நகர்ந்துபோய்க் கொட்டகை ஓரத்தில் படுத்தாள். மண்மேட்டு அடியில் ஏழெட்டு முயல் மேய்ந்தன. மூச்சை வெளியே விட்டாள். ப்ஸ்க். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. மற்றவை மென்றுகொண்டிருந்தன. கொஞ்சம் பொறுத்து, ப்ஸ்க். பிறகு இன்னொன்று. அவள் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகச் சுட்டதில்லை. ஐந்து தோட்டா, ஐந்து முயல். எழுந்து போய் எடுத்தால் மிச்சம் ஓடிவிடும் என்று அப்படியே கிடந்தாள். அதுதான் அவள் வழக்கம்.

வராந்தாவில் பெர்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்குத் தூரப்பார்வை அவ்வளவு போதாது. கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதென்று சொல்வார்கள் என்று போடமாட்டார்.

"அங்க பாருங்க அநியாயத்த! முயலுக்குக் கொஞ்சமாச்சும் பயமிருக்கா? ஒண்ணொண்ணா படுத்துத் தூங்குது!"

"ஆமா," என்றார் இன்னொரு கமிட்டிக்காரர். "இப்பத்தான் அதுவும் படுத்துச்சு. நல்லா காலை நீட்டிப் படுத்திருக்கு."

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்றான் க்ளாரன்ஸ் ஸ்கோனுக்குள்ளிருந்து.

"உனக்கு இன்னொண்ணு வேணுமா?" என்று டோரீன் வைத்தாள்.

பெர்சி மணியை அடித்தார். "நேரம் முடிஞ்சுது! பேசில், உன் முறை!"

பேசில் பெவிலியன் படியில் இறங்கி நின்று, கொட்டகைப் பக்கம் கையைத் தூக்கி ஹெட்டியை எழுந்து வரச் சொன்னான். அதில் அவன் ஒழுங்கானவன். ஹெட்டி தோட்டாவைக் கழற்றிக்கொண்டு, ஐந்து முயலைக் காட்டப் போகிற சந்தோஷத்தோடு ஓரமாகச் சுற்றி நடந்து வந்து படிக்குப் பின்னால் நின்றாள். "பெர்சி, அங்க போய்..." என்று அவள் வாயைத் திறக்கும்போது பேசில் இரண்டு குழலின் விசையையும் ஒன்றாக இழுத்தான்.

அந்தச் சத்தத்தில் வராந்தாவில் மூன்று கோப்பை கவிழ்ந்தது. மைதானத்தில் உயிரோடிருந்த முயலெல்லாம் மேட்டுக்குள் பாய்ந்து மறைந்தன. புகை விலகியது. மண்மேட்டு அடியில் ஐந்து முயல் கிடந்தன.

"ஒரே வேட்டுல அஞ்சு!" பெர்சி எழுந்தே விட்டார். "தூங்கிட்டிருந்தத அப்படியே அள்ளிட்டான்யா!"

கமிட்டி முழுக்க எழுந்து கை தட்டியது. யாரோ பேசிலின் முதுகில் தட்டினார்கள். யாரோ தொப்பியை வீசினார்கள். ஹெட்டி, "அது நான் சுட்டது! எல்லாம் நான் சுட்டது!" என்று கத்தினாள்.

"எப்போம்மா? ஒண்ணும் கேக்கலையே."

க்ளாரன்ஸ் கடைசி ஸ்கோனை விழுங்கினான். "அவதான்யா சுட்டா! நான் சாட்சி!"

பெர்சி அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீ எத்தன டுமீலுக்கு சாட்சி, க்ளாரன்ஸ்?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒன்பது டுமீல் விற்றவன் பேச்சை யார் வாங்குவார்கள்?

அந்தக் கைதட்டல் இரைச்சலில் ஹெட்டி பேசிலைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிப்போய், மண்மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற யாருக்கும் கேட்டிருக்காது. தறிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றவளுக்கு எதற்குக் காது?

'இது நான் இல்லையே,' என்றது பேசிலின் உதடு.

ஹெட்டி சாவியைப் பெர்சியின் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

அடுத்து வந்த சாயங்காலங்கள் கொடியவை. ஹெட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியிலிருந்து க்ளாரன்ஸ் அவளைத் தேற்றினான். தேற்றுவதற்காகத் தன் சந்தைக் கதைகளை எல்லாம் முதலிலிருந்து எடுத்தான். ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிய ஒற்றைக் கொம்புக் கிடாய். வாங்கியவனையே முட்டிச் சாக்கடையில் தள்ளிய கிடாய். ஏலத்தின் நடுவே பெர்சியின் அப்பா தும்மியதை விலை கேட்டதாக எடுத்துக்கொண்டதால் அவர் தலையில் விழுந்த பன்னிரண்டு கிடாய். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹெட்டி அவன் உதட்டைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரயோஜனமில்லை, காது திறந்திருந்தது.

மைதானத்துப் பக்கமிருந்து தினமும் வெடிச் சத்தம் கேட்டது. உண்மையான டுமீல். பெர்சிக்குப் பரம சந்தோஷம். முயல்களுக்கும் குறையொன்றுமில்லை. வெடி கேட்டதும் உள்ளே போகும், பேசில் வீட்டுக்குப் போனதும் வெளியே வரும். பத்தாம் நாள் பிட்சிலேயே, பந்து வீசுகிறவன் கால் வைக்கும் இடத்தில், ஒரு புது வளை. சனிக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம்.

வியாழக்கிழமை கொல்லைக் கதவைத் தட்டினார்கள். இறகுத் தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்தபடி பேசில்.

"ஹெட்டி, அந்த அஞ்சு முயல்..."

"உன்னோடது இல்ல."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"நீயேதான் சொன்ன."

பேசில் யாரிடம் எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தான், பிடிபடவில்லை. "படியில இருந்து மேட்டுக்கு நூறு கஜத்துக்கு மேல. என் பொடிக்குண்டு பாதி வழியில மழை மாதிரி புல்லுல கொட்டிடும். எடுத்துப் பாத்தேன். அஞ்சுக்கும் நெத்தியில ஒவ்வொரு ஓட்டை. ஊசி வச்சுக் குத்தின மாதிரி. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா வாயத் தொறக்கல?"

"கை தட்டிட்டாங்க ஹெட்டி." அவன் குரல் இறங்கியது. "என் வயசுக்கு எனக்கு யாரும் கை தட்டினதே இல்ல. ஸ்கூல்ல கூட இல்ல. சொல்லலாம்னு வாயெடுத்தேன், டோரீன் கேக் குடுத்துட்டா."

ஹெட்டிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். உள்ளே க்ளாரன்ஸ், "யாரு புள்ள வாசல்ல? உள்ள வரச் சொல்லு! கிடாய்க் கதை பாதியில நிக்குது!" என்றான். பேசில் ஓரடி பின்வாங்கினான்.

"சனிக்கிழமைக்குள்ள முயல் போகலைன்னா பெர்சி என்னைத் தோலுரிச்சிடுவாரு," என்றான். "அவரு கசாப்புக்காரரு வேற. இன்னிக்கே சொல்லிடுறேன் ஹெட்டி, எல்லாம் நீதான்னு. சாவியும் வாங்கிக்கோ."

ஹெட்டி கதவு நிலையில் சாய்ந்து யோசித்தாள். அவன் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? தொப்பியைத் தூக்குவார்கள். தட்டிக்கொடுப்பார்கள். பெர்சி தினமும் வேலி மேல் தலையை நீட்டி, கேட்காத சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்று ஊருக்கே தெரியும்; ஊரிலேயே முக்கியமாகக் க்ளாரன்ஸுக்கு.

"சொல்ல வேணாம்," என்றாள். "பேரு உன்னோடதாவே இருக்கட்டும். கைதட்டலும் நீயே வச்சுக்கோ. சாவிய மட்டும் குடு."

பேசில் நம்ப முடியாமல் பார்த்தான். "அவ்ளோதானா?"

"இன்னொண்ணு இருக்கு. நான் உள்ள இருக்கற நேரம் நீ பப்புல இருக்கணும். நான் வேலிகிட்ட வந்து தலையாட்டினப்புறம் நீ போய் மேட்டுல ஒரு வெடி போடு, முயல எடுத்துக் காட்டு. எனக்குச் சமைக்க ரெண்டு குடுத்தாப் போதும்."

"பப்புல சும்மா உக்காரணும், அதானே? உக்காந்தாப் போச்சு."

"சும்மா இல்ல," என்றாள் ஹெட்டி. "க்ளாரன்ஸோட."

பேசில் உள்ளே எட்டிப் பார்த்தான். கிடாயைப் பற்றிய குரல் கூடத்திலிருந்து உருண்டு வந்தது. அவன் சனிக்கிழமையை நினைத்தான், பெர்சியின் கத்தியை நினைத்தான், கடைசியாகக் கைதட்டலை நினைத்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சாவியை எடுத்து நீட்டினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்டி கொட்டகை ஓரத்தில் படுத்தாள். பிட்சில் வளை தோண்டிய தடியன் முதலில் சாய்ந்தது. அப்புறம் இன்னும் மூன்று. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வேலை முடிந்தது. தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டாள்.

எழுந்து போய்த் தலையாட்டலாம். வேலி இடுக்கு வழியாகப் பப்பின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே க்ளாரன்ஸ் இரண்டு கையையும் விரித்து ஒரு கிடாயின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு ஆள் காது கொடுத்த சந்தோஷத்தில் முகம் பளபளத்தது. பேசில் கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி வேலியையே பார்த்திருந்தான். அவன் உதடு அசைந்தது. அங்கிருந்தே அவளால் படிக்க முடிந்தது.

'ஹெட்டி. சீக்கிரம். தயவுசெஞ்சு.'

மைதானத்தில் வெயில் நீளமாகச் சாய்ந்திருந்தது. செத்ததற்குப் பக்கத்திலேயே ஒரு முயல் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது. தூரத்தில் காடை ஒருமுறை கூப்பிட்டது, பிறகு அதுவும் நின்றது. ஒன்றுமே இல்லை.

ஹெட்டி முகத்தைப் பப்பின் பக்கமிருந்து திருப்பி, கன்னத்தைப் புல்லில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பன்னிரண்டு கிடாய்க் கதை இன்னும் மிச்சமிருக்கும். பேசில் அதையும் கேட்கட்டும்.